கையெழுத்துப் போட்டால் குற்றமா? புத்தகத்தை அள்ளிய பறக்கும் படை!

தேர்தல் தேதி அறிவித்தாச்சு என்றால் முதலில் பயப்படுகிறவர் வேட்பாளர் அல்ல, வியாபாரிதான். கோயம்பேட்டுக்குச் சரக்கு எடுக்கப் போகிறவர் மடியில் 50 ஆயிரம் ரூபாய்க்கு மேல் இருந்தால் கணக்குக் காட்ட வேண்டும். ரசீது இல்லையா? போச்சு! பறக்கும் படை பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். இது எல்லோருக்கும் பழகிப்போன தொல்லை.

2019-ல் சென்னையில் ஒரு புதுமை நடந்தது. அந்தப் படை புத்தகத்தைப் பிடித்தது!

நடந்தது என்ன?

2019 ஏப்ரல் 2-ந்தேதி. இடம், தேனாம்பேட்டை பாரதி புத்தகாலயம். ரபேல் விமான பேரம் பற்றி எஸ்.விஜயன் எழுதிய சிறு புத்தகத்துக்கு அன்று வெளியீட்டு விழா. வெளியிடுபவர் 'இந்து' என்.ராம். தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவுக்கு 16 நாள்தான் பாக்கி. ரபேல் விவகாரமோ தேர்தல் மேடைகளில் அனல் பறக்கும் பேச்சு.

திடீரென்று அதிகாரிகளும் போலீசாரும் வந்து இறங்கினார்கள். நடத்தை விதிக்கு விரோதம் என்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகளை அள்ளிக்கொண்டு போனார்கள்.

செய்தி ஊரெல்லாம் பரவியது. மாநில தலைமை தேர்தல் அதிகாரியோ, அப்படி ஒரு உத்தரவு போடவே இல்லை என்று தெரிவித்து, அறிக்கை கேட்டார். அன்றைக்கே புத்தகக் கட்டுகள் திரும்பி வந்தன. விழாவும் நடந்தது.

யாருமே கேட்காத ஆசாமி என்றால்?

சுபமாக முடிந்ததே, அப்புறம் என்ன என்று விட்டுவிட முடியாது. அங்கே பெரிய பத்திரிகைக்காரர் வந்தார். நிருபர்கள் திரண்டார்கள். மேலிடம் வரை உடனே தகவல் போனது.

திருவொற்றியூரிலோ பல்லாவரத்திலோ ஒரு மாடி அறை. 30 வாடகை நாற்காலி. மனைவியின் வளையலை அடகு வைத்து 300 புத்தகம் அச்சடித்த ஒரு குமாஸ்தா, கையெழுத்துப் போட பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். அங்கே இதே படை நுழைந்தால்? யார் அறிக்கை கேட்பார்கள்? கட்டு எப்போது திரும்பி வரும்? தேர்தல் முடிந்து வந்தால் வாங்க யார் இருப்பார்கள்? வட்டிக்கடைக்காரர் காத்திருப்பாரா?

சட்டம் சொல்வது இது

நடத்தை விதி என்பது 1960-ல் கேரள சட்டசபை தேர்தலின்போது முளைத்தது. கட்சிகளையும் வேட்பாளர்களையும் ஆளுங்கட்சியையும் கட்டுக்குள் வைப்பதுதான் அதன் வேலை. புத்தகம் எழுதியவர் வேட்பாளரும் அல்ல, மந்திரியும் அல்ல.

1951-ம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 127-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. தேர்தல் நோட்டீசிலும் போஸ்டரிலும் அச்சடித்தவர், வெளியிட்டவர் பெயரும் விலாசமும் இருக்க வேண்டும். மீறினால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது 2 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ராத்திரியோடு ராத்திரியாக மொட்டை நோட்டீஸ் ஒட்டுகிறவர்களைப் பிடிக்க வந்த சட்டம் இது. புத்தகத்திலோ முதல் பக்கத்திலேயே பதிப்பகம், அச்சகம், விலாசம் எல்லாம் இருக்கிறது. இதைவிட என்ன ஜாதகம் வேண்டும்?

எழுத்தாளருக்கும் எல்லை உண்டு

அதற்காக எழுத்தாளர் என்றால் எதுவும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. வேட்பாளர் மேடை ஏறி ஓட்டுக் கேட்டால் அது புத்தக விழா அல்ல, தேர்தல் கூட்டம். செலவு அவர் கணக்கில் ஏற வேண்டியதுதான். வேட்பாளர் தரப்பு இனாமாகப் புத்தகம் கொடுத்து ஓட்டுக் கேட்டால் அது லஞ்சம். கடையில் பில் போட்டு விற்பதும், வாங்கியவருக்கு எழுதியவர் கையெழுத்துப் போடுவதும் வியாபாரம். இந்த வித்தியாசம் பறக்கும் படைக்குத் தெரிய வேண்டும்.

2021-ல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் பிப்ரவரி 24-ந்தேதி புத்தகக் கண்காட்சி தொடங்கியது. இரண்டே நாளில் சட்டசபை தேர்தல் அறிவிப்பு வந்தது. ஆனாலும் மார்ச் 9-ந்தேதி வரை கண்காட்சி நடந்தது. அரசியல் புத்தகமும் விற்றது, சமையல் புத்தகமும் விற்றது. வானம் இடிந்து விழவில்லை.

என்ன செய்யலாம்?

புத்தகத்தைத் தொடுவதற்கு முன்பு எந்த விதி, எந்தப் பிரிவு, யார் உத்தரவு என்று அதிகாரி எழுதிக் கொடுக்க வேண்டும். வாய் உத்தரவில் எடுக்கக் கூடாது. பதிப்பாளர்களும் பயந்து விழாவைத் தள்ளிப்போட வேண்டாம். போஸ்டரில் அச்சகம் பெயர் போட்டு, மண்டபத்துக்கும் மைக்குக்கும் அனுமதி வாங்கி, பகிரங்கமாக விளம்பரம் செய்யட்டும். தேர்தல் நேரத்தில்தான் ஜனங்கள் நாட்டு நடப்பைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்கள். அப்போது விற்காத அரசியல் புத்தகம் எப்போது விற்கும்?

2019 ஏப்ரலில் வேலூரில் கோடிக்கணக்கில் பணம் பிடிபட்டு, பாராளுமன்றத் தேர்தலே அங்கே ரத்தானது. ஆகஸ்டு 5-ந்தேதிதான் ஓட்டுப்பதிவு நடந்தது. படைகள் பறக்க வேண்டிய இடம் அது.

நோட்டுக் கட்டைப் பிடியுங்கள். புத்தகக் கட்டை விட்டுவிடுங்கள்!