பனிவிளையாட்டும் கணினிப் பந்தயமும்

இணையவழியே கணினி ஆட்டம் ஆடுவோர்க்குப் பனிக்கால விளையாட்டின் பெயரால் பந்தயத் தொடர் நடத்துதல் இக்காலத்து ஒரு வழக்கமாயிற்று. டிசம்பர் பிறந்ததும் ஆட்டக்களத்தின்மேல் வெண்பனி பெய்கின்றது. விளம்பரத்திற் சறுக்குக்கட்டைகள் தோன்றுகின்றன. பரிசுக்கும் குளிர்ந்த பெயரொன்று கிடைத்துவிடுகின்றது. உள்ளே நடப்பதோ கோடையிலும் நடந்த அதே பந்தயம். இவ்வாறு பனியை மேற்பூச்சாகப் பூசுவதில் யாதொரு பயனுமில்லை என்பதும், பனிவிளையாட்டினரிடம் நாம் கடன் பெறத்தக்கவை அவர்தம் பந்தய விதிகளே என்பதும் எமது துணிபு.

2018-ஆம் ஆண்டு தென்கொரியாவின் பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக் விழா பிப்ரவரி 9-ஆம் நாள் தொடங்குமுன்னர், சர்வதேச ஒலிம்பிக் குழுவின் ஆதரவுடன் இன்டெல் நிறுவனத்தார் ஒரு கணினிப் பந்தயம் நடத்தினர். ஆடப்பட்டது 'ஸ்டார்கிராப்ட் 2' என்னும் விண்வெளிப் போர் ஆட்டம். பனிச்சறுக்கையே பொருளாகக் கொண்ட 'ஸ்டீப்' என்னும் ஆட்டமோ காட்சிக்கு வைக்கப்பட்டதோடு நின்றது. அப்பந்தயத்தில் கானடா நாட்டுச் சாஷா ஹோஸ்டின் என்னும் பெண்மணி, ஸ்கார்லெட் என்னும் ஆட்டப்பெயருடையார், வாகை சூடினார். அவ்வாட்டத்தின் முதன்மைப் பந்தயமொன்றை ஒரு பெண் வென்றது அதுவே முதன்முறை. நினைவிற் கொள்ளத்தக்க வெற்றிதான். ஆயினும் அங்கே பனி மண்டபத்துக்கு வெளியே கிடந்ததேயன்றிப் பந்தயத்தினுள் இல்லை.

இனி விதிகளைக் காண்போம். பந்தயத்திற்கு 32 பேர் சேர்ந்தால், ஒரு முறை தோற்றவர் விலகவேண்டும் என்பதே பெரும்பாலும் கையாளப்படும் முறை. நடத்துவோர்க்கு இஃது எளிது. 31 ஆட்டங்களில் யாவும் முடிந்துவிடும். ஆனால் 16 பேர் ஒரே ஆட்டத்துடன் வெளியேறுகின்றனர். அவர்களிற் பலர் புதியவர். பல நாள் பயின்று, கூச்சத்துடன் பெயர் கொடுத்து, முதற் சுற்றிலேயே கைதேர்ந்தவரொருவரோடு மோதிப் பத்து நிமிஷத்தில் எழுந்து போன மாணவன் அடுத்த வருஷம் பெயர் கொடுப்பானா? கொடாமற்போனவர்களை யாம் அறிவோம்.

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 1953 முதல் நடைபெறும் நான்கு குன்றுப் பந்தயம் இந்நோய்க்கு நல்ல மருந்து. உயர்ந்த சரிவினின்று சறுக்கி வந்து, வெளியிற் பாய்ந்து, தொலைவிற் சென்று இறங்கும் விளையாட்டு அது. ஒபர்ஸ்டார்ஃப், கார்மிஷ், இன்ஸ்புருக், பிஷோஃப்ஷோஃபன் என்னும் நான்கு ஊர்களில், டிசம்பர்க் கடைசியிலிருந்து ஜனவரி 6-ஆம் நாள் வரை நிகழும். 50 பேர் 25 இணைகளாய்ப் பிரிந்து பாய்வர். வென்ற 25 பேரோடு, தோற்றவருள் மிகுந்த புள்ளி பெற்ற ஐவரும் இரண்டாம் சுற்றுக்குச் செல்வர். வலியாரோடு இணைக்கப்பட்டமையால் தோற்றவர்க்கு இங்ஙனம் ஒரு வாயில் திறந்திருக்கின்றது. ஓரூரில் தவறியவர் அடுத்த ஊரில் மீண்டும் முயலலாம். நான்கு ஊர்ப் புள்ளிகளையும் கூட்டியே இறுதி வெற்றி நிச்சயிக்கப்படும்.

இதனைக் கணினியிற் கொண்டுவரப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பின்லாந்து நாட்டில் ஒருவர் இயற்றிய 'டீலக்ஸ் ஸ்கி ஜம்ப்' என்னும் சிற்றாட்டம் மவுஸ் ஒன்றைக் கொண்டே ஆடத்தக்கது. காட்சியழகும் அதிற் குறைவு. எனினும், 2000-2001-ஆம் பருவத்தில் ஆடம் மாவிஷ் நான்கு குன்றுப் பந்தயத்தை வென்ற காலத்தில், அவருடைய போலந்து நாட்டு இளைஞர் அதனை விடாது ஆடினர். தாமே குழுவமைத்துப் பந்தயங்களும் நடத்தினர்.

ஆதலின் ஒரு நாளில் முடித்துவிடாது, வாரம் ஒன்றாக நான்கு பந்தயம் வைக்க வேண்டும் என்போம். புள்ளிக்கு உலகக் கோப்பை முறையே போதும்: முதல்வர்க்கு 100, அடுத்தவர்க்கு 80, மூன்றாமவர்க்கு 60, இவ்வாறு குறைந்து 30-ஆம் இடத்தார்க்கு 1. 32 பேர் ஆடினால் இருவரொழிய ஏனையோர் வெறுங்கையராய்ப் போகார். தேர்வு காரணமாக ஒரு வாரம் வராதவர் என் செய்வார் எனின், அதற்கும் முன்மாதிரி உண்டு. 1967-இல் ஆல்பைன் உலகக் கோப்பை தொடங்கியபோது ஒவ்வொரு பிரிவிலும் ஒருவருடைய சிறந்த மூன்று முடிவுகளே கணக்கிற் கொள்ளப்பட்டன. கடைசி வாரத்திற்கு முன்பே ஒருவர் எட்டாத தொலைவிற் சென்றுவிடக்கூடும் என்பது இம்முறையின் குறையே, அதனை மறைக்கமாட்டோம். ஒருவர் முதல் வாரத்திலேயே வெளியேற்றப்படுவதினும் அது சிறிய குறை.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாய்வோரிற் சிலர்க்கு எதிர்க்காற்று உதவும். சிலர்க்குப் பின்காற்று கெடுக்கும். 2009-இல் சோதனையாகத் தொடங்கி, காற்றை அளந்து புள்ளியைக் கூட்டவும் குறைக்கவும் விதி செய்தனர். இணையத்தில் அக்காற்றுப் போன்றது தாமதம். சர்வருக்கு அருகிலிருப்பவன் பொத்தானை அழுத்தியவுடன் பலன் காண்பான். தொலைவிலிருப்பவன் ஒரு கணம் பிந்துவான். நேருக்கு நேர் மோதும் ஆட்டங்களில் இதனை முற்றும் நீக்க இயலாது. சறுக்கலும் பாய்ச்சலுமோ ஒவ்வொருவரும் தனித்து, கடிகாரத்தோடும் தொலைவோடும் போட்டியிடுபவை. அவரவர் கணினியிலேயே ஆடிப் பதிவை அனுப்பச் செய்தால், மெதுவான இணைப்புடைய கிராமத்து மாணவனும் பட்டணத்தானும் ஒரே மேட்டிலிருந்து பாய்வர். பதிவைச் சரிபார்க்க மட்டும் நடுநிலையாளர் இருவர் வேண்டும். அவர்கள் அத்தொடரில் ஆடலாகாது.