நடராசரைப் புரோட்டானுக்குள் தேட வேண்டாம்

"நம் ரிஷிகள் அன்றே சொன்னதைத்தான் குவாண்டம் இயற்பியல் இன்று சொல்கிறது." அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பள்ளி ஆண்டு விழாவோ ஆன்மிகச் சொற்பொழிவோ, இந்த வாக்கியம் இல்லாமல் மேடை நிறைவதில்லை. பல வருடங்களாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பேசுகிறவர் குவாண்டமும் படித்ததில்லை, உபநிடதமும் படித்ததில்லை என்பது இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் பிளஸ் ஒன் பிள்ளைகள் அதை அறிவியல் என்று நம்பிக் கைதட்டுகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அவ்வையார் அணுவைப் பாடினார் என்பார்கள். குறளின் சுருக்கத்தை வியந்த பாட்டு அது. அணு உலைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஸ்ட்ரிங் கோட்பாட்டின் கூடுதல் பரிமாணங்கள்தாம் நம் பதினான்கு உலகங்கள் என்பார்கள். ஸ்ட்ரிங் கோட்பாட்டையே இன்றுவரை எந்தச் சோதனையும் உறுதி செய்யவில்லை. ஷ்ரோடிங்கர் வேதாந்தம் படித்தாரே என்பார்கள். படித்தார், ரசித்தார். ஆனால் 1926இல் அவர் வெளியிட்ட சமன்பாடு டி பிராய் சொன்ன பொருளலையிலிருந்து கிளம்பியது. ஹைட்ரஜன் நிறமாலையோடு கணக்கு ஒத்துப்போனதால்தான் உலகம் அதை ஏற்றது.

அடுத்து ரமணர். பூமிநாதர் கோவில் இருக்கும் திருச்சுழியில், 1879 டிசம்பரில், ஆருத்ரா தரிசனத்து நடராசர் உலா முடிந்து திரும்பிய நள்ளிரவில் பிறந்தவர். 'பார்ப்பவன் இல்லாமல் பொருள் இல்லை என்று குவாண்டம் சொல்கிறது, பகவானும் அதையே சொன்னார்' என்று இருவரையும் ஒரே நுகத்தில் பூட்டுகிறார்கள். குவாண்டத்தில் அளப்பதற்கு மனிதக் கண்ணோ மனமோ தேவையில்லை. ஆளில்லாத அறையில் ராத்திரி முழுக்க ஓடும் கருவி எலக்ட்ரானைப் பதிவு செய்துகொண்டுதான் இருக்கும். ரமணர் கேட்கச் சொன்னது 'நான் யார்' என்று. எலக்ட்ரான் எங்கே என்று அவர் கேட்கவே இல்லை. அவர் காட்டிய வழிக்கு இயற்பியலின் சிபாரிசு எதற்கு?

இவர்களுடைய பெரிய துருப்பு ஜெனிவாவின் செர்ன் ஆய்வகத்தில் நிற்கும் நடராசர். 'விஞ்ஞானிகளே சிதம்பர ரகசியத்தை ஒப்புக்கொண்டு சிலை வைத்துவிட்டார்கள்' என்று சொல்லும்போது கைதட்டல் அடங்குவதே இல்லை. அந்த இரண்டு மீட்டர் சிலை, 2004 ஜூனில் இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு. எந்தச் சோதனையின் முடிவும் அதை அங்கே கொண்டுபோகவில்லை. சிலைக்குக் கீழே உள்ள பலகையில் இருப்பது ஃப்ரிட்ஜோஃப் காப்ராவின் வாசகம். 1975இல் 'தி டாவ் ஆஃப் ஃபிசிக்ஸ்' எழுதியவர் அவர். நம் மேடைப் பேச்சுகளின் ஊற்றுக்கண் அந்தப் புத்தகம்தான். பேசுகிற பலருக்கு அதுகூடத் தெரியாது.

காப்ரா எந்த இயற்பியலைக் கீழை ஞானத்தோடு முடிச்சுப் போட்டார் என்று பாருங்கள். பெர்க்லியில் ஜெஃப்ரி ச்யூ முன்வைத்த 'பூட்ஸ்ட்ராப்' கோட்பாடு அவருக்கு உயிர். எந்தத் துகளும் அடிப்படைத் துகள் அல்ல, ஒவ்வொன்றும் மற்றவை எல்லாவற்றாலும் ஆனது என்பது அதன் சாரம். 1960களில் அதற்கு இருந்த மவுசு கொஞ்சநஞ்சமல்ல. இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக அதன் பின்னால் போனார்கள். எல்லாம் ஒன்றில், ஒன்று எல்லாவற்றிலும் என்று கேட்டதும் காப்ராவுக்குப் பௌத்தமும் சிவதாண்டவமும் தெரிந்தன.

அதே காலத்தில் ஸ்டான்ஃபோர்டில் எலக்ட்ரான்களைப் புரோட்டான்மீது மோதவிட்டுப் பார்த்தார்கள். உள்ளே புள்ளி போன்ற துகள்கள் இருந்தன. 1964இல் கெல்-மானும் ஸ்வைக்கும் சொன்ன குவார்க்குகள் அவைதாம் என்பது பிறகு தெளிவானது. 1973இல் கிராஸ், வில்செக், பொலிட்சர் மூவரும் குவார்க்குகளைப் பிணைக்கும் விசையின் கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்டார்கள். 1974 நவம்பரில் இரண்டு ஆய்வகங்கள் ஒரே நேரத்தில் ஜே/சை என்ற புதுத் துகளை அறிவித்தன. குவார்க்கை நம்பாதவர்களும் நம்ப வேண்டிவந்தது. புரோட்டானை விளக்கும் அடிப்படைக் கோட்பாடு என்ற இடத்தைப் பூட்ஸ்ட்ராப் அத்தோடு இழந்தது. காப்ராவின் புத்தகம் வந்ததோ அதற்கு அடுத்த வருடம்! பிந்திய பதிப்புகளிலும் அவர் பூட்ஸ்ட்ராப்பை விடவில்லை.

தோற்றுப்போன கோட்பாட்டோடு கட்டப்பட்ட நடராசர் என்ன ஆவது? கோட்பாடு விழுந்தபோது தாண்டவமும் பொய்யாகிவிட்டதா? ஆகாது, ஏனென்றால் நடராசர் துகள் இயற்பியலுக்குச் சாட்சி சொல்ல வந்தவர் அல்லர். ஆய்வில் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஓர் அலை எழும், அடங்கும். அலைக்கு அலை சாமியைத் தூக்கிக் கட்டுகிறவர்கள் பக்தியையும் மதிக்கவில்லை, அறிவியலையும் மதிக்கவில்லை.

செர்னில் இந்தியர் பெருமைப்பட வேறொன்று இருக்கிறது. துகள்களை மோதவிடும் 27 கிலோமீட்டர் சுரங்கத்தில் 1,232 பெரிய வளைப்புக் காந்தங்கள். ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், ஏறத்தாழ 35 டன். நம் புறவழிச்சாலையில் லாரிக்குக் கொடுக்கும் ஜாக்கி போல, அந்தக் காந்தங்களைத் தாங்கி, மில்லிமீட்டருக்கும் குறைவான நுட்பத்தில் நகர்த்தி நிறுத்தும் ஜாக்கிகள் இந்தியாவில் செய்து அனுப்பப்பட்டவை. எந்த ஆண்டு விழாவிலும் இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணனையும் சொல்வதில்லை. நம் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898இல் பிறந்தவர். தமிழிலும் சமஸ்கிருதத்திலும் ஆழ்ந்த புலமை உள்ளவர். 1928இல் கல்கத்தாவில் சி.வி. ராமனோடு சேர்ந்து அவர் செய்ததைக் கவனியுங்கள். சூரிய ஒளியைக் குவித்து, ஒரு நிறத்தை மட்டும் விடும் வடிகட்டி வழியாக, தூசு தும்பு நீக்கிய திரவத்துக்குள் செலுத்தினார்கள். சிதறி வரும் ஒளியின் பாதையில், அந்த நிறத்தை முழுக்க மறைக்கும் இன்னொரு வடிகட்டியை வைத்தார்கள். இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில் மங்கலான ஒளி தெரிந்தது: நிறம் மாறிய புது ஒளி. ஒரு திரவத்தில் பார்த்துவிட்டு மேடையேறவில்லை. அறுபது திரவங்களில் சோதித்த பிறகே இருவர் பெயரிலும் 'நேச்சர்' இதழுக்கு எழுதினார்கள்.

தலைமையாசிரியர்களுக்கும் விழாக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில் இந்தப் பேச்சுக்கு ஒதுக்கும் அரை மணி நேரத்தை உங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியருக்குக் கொடுங்கள். இரண்டு வண்ணக் கண்ணாடிகளையும் ஒரு முப்பட்டகத்தையும் வைத்து, கிருஷ்ணன் என்ன செய்தார் என்பதை அவர் பிள்ளைகளுக்கு விளக்கிக் காட்டட்டும்.