பூட்டுப் போடாத நெகட்டிவ்

போன மாசியில் வெளியூரில் ஒரு கல்யாண வேலை. ராத்திரி பத்தரைக்குப் பழைய வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டார். "அண்ணே, தாத்தா தவறிட்டாரு. என் கல்யாணத்துல நீங்க எடுத்தது ஏதாவது இருக்கா? விடியறதுக்குள்ள போஸ்டர் அடிக்கணும்." நாலு வருஷத்துக்கு முந்தைய கல்யாணம். ஆல்பத்தில் தாத்தா ஓரத்தில் பாதி முகமாகத்தான் இருப்பார். மீதிப் படமெல்லாம் ரா கோப்புகளாக, அதாவது சென்சார் பதிந்தது பதிந்தபடியே, என் வீட்டு ஹார்ட் டிஸ்கில் கிடக்கிறது. ஒவ்வொன்றும் 25 எம்பி. மண்டபத்திலோ சிக்னல் ஒரு கோடு.

போனிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் டெர்மினல் வழியாகப் போக முடியும். கறுப்புத் திரை, வெறும் எழுத்து. அதிலேயே படமும் பார்க்கலாம் என்றால் என் தொழில்காரர்கள் சிரிப்பார்கள். டிசிரா என்ற நிரல் ரா கோப்பைப் படமாக்கும், சாஃபா என்ற நிரல் அந்தப் படத்தை எழுத்துக் கட்டங்களாக்கும். ஓர் எழுத்தின் இடத்தில் மேல்பாதிக்கு ஒரு நிறம், கீழ்பாதிக்கு ஒரு நிறம். 80 எழுத்து, 24 வரி என்றால் 3,840 புள்ளி. கேமரா எடுத்தது 2.4 கோடி.

முதல் படம் வந்தது. மாப்பிள்ளை, பெண், ஐயர் எல்லோரையும் மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி! வீடியோக்காரர் விளக்கு செய்த வேலை. சென்சாருக்கு வெள்ளை எது என்று தெரியாது. அதன்மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் கட்டம் கட்டமாக இருக்கும். பச்சை பாதி, மற்றவை கால் கால். கோடாக் கம்பெனியின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. எந்த நிறத்தை எத்தனை மடங்கு கூட்டினால் வேட்டி வெள்ளையாகும் என்ற எண்களைக் கேமராவே கோப்பில் எழுதி வைக்கும். கட்டளையில் ஒரு 'டபிள்யூ' சேர்த்தேன். வேட்டி வெளுத்தது.

இந்த எண்களைத்தான் நிகான் தன் டி2எக்ஸ் கேமராவில் குறியாக்கம் செய்து பூட்டியது. 2005-ல் அது பெரிய சர்ச்சையானது. படம் எடுத்தவன் நான், வேட்டியின் வெள்ளை மட்டும் கம்பெனிக்குச் சொந்தமா? அந்தப் பூட்டை உடைத்தவர் டேவ் காஃபின் என்ற நிரலாளர். டிசிராவை 1997-லிருந்து தனியாளாக எழுதி, இலவசமாகக் கொடுத்தவர். ஒவ்வொரு கம்பெனியும் கேமராவுக்குக் கேமரா வடிவத்தை மாற்ற, அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து எழுதிச் சேர்த்தார். 2018-க்குப் பிறகு அவரிடமிருந்து புதிய பதிப்பு வரவில்லை. லிப்ரா போன்ற நிரல்கள் அந்த வேலையைத் தொடர்கின்றன என்பதால் பிழைத்தோம்.

ஃபிலிம் காலத்தில் நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஃபிலிம் விற்ற கம்பெனியிடம் சாவி கேட்க வேண்டியதில்லை. அடோபி 2004-லேயே டிஎன்ஜி என்ற திறந்த வடிவத்தை வெளியிட்டது. லைக்காவும் பென்டாக்ஸும் அதில் எழுதுகின்றன. மற்றப் பெரிய கம்பெனிகளுக்கு என்ன தடை? டிஎன்ஜி பிடிக்காவிட்டால் தங்கள் கோப்பின் அமைப்பையாவது முழுசாக வெளியிடட்டும். லட்ச ரூபாய் கொடுத்துக் கேமரா வாங்குகிறவன் இதைக் கேட்டே வாங்க வேண்டும். நான் இத்தனை வருஷம் கேட்காமல்தான் வாங்கினேன்.

(ரா கோப்புக்குள் ஒரு ஜேபெக்கும் இருக்குமே, அதை உருவினால் ஆகாதா என்று தம்பிமார் கேட்பார்கள். உருவினேன். விளக்கு வெளிச்சத்தில் தாத்தாவின் நெற்றி வெறும் வெள்ளையாக இருந்தது. ராவில் வெளிச்சத்தைக் குறைத்தபோதுதான் நெற்றி தனி, திருநீறு தனி என்று பிரிந்தது.)

நாற்பதாவது படமோ என்னவோ, பந்தி வாசலில் தாத்தா நேராகப் பார்த்து நின்றார். கண், மூக்கெல்லாம் ரெண்டு மூன்று கட்டம்தான். தோளில் துண்டு, நெற்றியில் ஒரு தீற்றல், லேசாக இடப்பக்கம் சாய்ந்த தலை. அவரேதான். வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஜேபெக் ஆக்கி அனுப்பச் சொன்னேன். அது போய்ச் சேர இருபது நிமிஷம் ஆனது.

ஊர் திரும்பியபோது பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டர் பார்த்தேன். பெயரில் ஓர் எழுத்துப் பிழை. துண்டு வெள்ளையாக இருந்தது.