இருட்டில் நடக்கும் காவலர்

உடையார்பாளையம் பக்கத்துப் பெரியவர்கள் மருதையாற்றை மறக்க மாட்டார்கள். 1956 நவம்பர் 23-ந் தேதி, விடியும் முன்பு, அரியலூர் அருகே வெள்ளம் அரித்த பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் பலியானார்கள். ரெயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

எங்கே மண் அரிக்கிறது என்று பார்க்க, இன்றும் மழை இரவில் தொழிலாளி தண்டவாளத்தில் நடக்கிறார். நாம் ரெயிலில் தூங்குகிறோம். அவருக்கு யார் காவல்?

ஓர் ஆரஞ்சு நிறச் சட்டை! அதிலுள்ள பட்டை, என்ஜின் விளக்கு பட்டதும் டிரைவர் கண்ணுக்குப் பளிச்சென்று மின்னும். 110 கிலோ மீட்டர் வேகத்தில் ரெயில் நொடிக்கு 30 மீட்டர் பாய்கிறது. தூரத்திலேயே பார்த்து ஹாரன் அடித்தால்தான் அவர் விலக முடியும்.

சேறும் எண்ணெயும் படிந்து தேய்ந்த பட்டை மின்னாது. சட்டை கிழியட்டும் என்று காத்திருக்கலாமா? ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன்பே புதுச்சட்டை கொடுக்க வேண்டும். துணி மெல்லியதாக இருக்கட்டும். புழுங்கினால் கழற்றித்தானே வைப்பார்கள்!