அந்நிய எண்ணெயும் அந்நிய பாட்டரியும்

2025-ஆம் வருஷம் செப்டம்பர் 22 முதல் மின்சாரக் காருக்கு நூற்றுக்கு 5 வீதமும், பெரிய ஹைப்ரிட் காருக்கு 40 வீதமும் சரக்கு சேவை வரி என்று ஏற்பட்டிருக்கிறது. இது ஓரவஞ்சனை என்பது ஹைப்ரிட் கட்சியாரின் முறையீடு. அதில் நியாயம் இல்லாமலில்லை. பிரேக் போடுகையில் வீணாகும் சக்தியில் ஒரு பகுதியைப் பாட்டரியில் சேர்த்து, ஹைப்ரிட் வண்டி பெட்ரோலை மிச்சப்படுத்துகிறது. ஆயினும் அதன் ஆகாரம் பெட்ரோல் ஒன்றே. பிளக்-இன் வண்டியில் வீட்டு மின்சாரத்தையும் ஏற்றலாம்; சொந்தக்காரர் சோம்பியிருந்தால் அதுவும் வீண் பாரம் சுமக்கும் பெட்ரோல் வண்டியே. முழு மின்சார வண்டியும் நிலக்கரிப் புகையால்தானே ஓடுகிறது என்பர். பெரும்பாலும் மெய்தான். ஆனால் அந்நிலக்கரியில் பெரும்பகுதி நம் மண்ணில் வெட்டப்படுவது. கச்சா எண்ணெயிலோ நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் அந்நியருடையது. ஆகவே இவ்வரிச் சலுகையை ஆதரிக்கிறோம்.

நாம் கேட்பது வேறு. பாட்டரிச் செல்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் சீனாவிலிருந்து. மோட்டாருக்கு வேண்டிய அருமண் காந்தங்களும் அப்படியே. 2025 ஏப்ரலில் அந்நாடு அவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் நமது தொழிற்சாலைகள் தவித்தன. செல் உற்பத்திக்கென 2021-ல் சர்க்கார் ஒதுக்கிய 18,100 கோடி ரூபாயில் செலவானது எவ்வளவு, எழுந்த ஆலைகள் எத்தனை என்பதை மந்திரிகள் பார்லிமெண்டில் விவரமாகக் கூறட்டும்.