தாயை மறைத்த வெளிச்சம்

ஹாலிவுட்டின் பழைய நடிகைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் நண்பர் ஒருவருக்குப் பசி தாகம் தெரியாது. கிரேட்டா கார்போ, மார்லின் டீட்ரிச், ரீட்டா ஹேவொர்த், மெர்ல் ஓபரான் என்று ஒவ்வொரு பெயரையும் சகஸ்ரநாமம் சொல்கிறவரைப் போல நிறுத்தி நிறுத்திச் சொல்வார். பாங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வரவு செலவில் கறாரான மனிதர்தான். ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் அவரிடம் கணக்கு எதுவும் கிடையாது. "அந்தக் காலத்தில் அழகு இருந்தது ஐயா! இன்றைக்கு இருப்பதெல்லாம் வெறும் உடம்பு" என்பது அவர் தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பைப் பல வருஷங்களாக நான் மறுக்காமல் கேட்டு வந்திருக்கிறேன். நானும் ரசிகன்தானே! ஆனால் சமீபத்தில் சித்தேரியில், ஒரு டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்திருந்தபோது, என் மௌனம் கலைந்துவிட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சித்தேரி தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது. அரூரிலிருந்து காட்டு வழியே வளைந்து வளைந்து ஏறும் சாலையில் போக வேண்டும். சாமையும் தினையும் விளைகிற மலை. அங்கே வாழ்கிறவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்காரர்கள் அல்ல, தமிழ் பேசுகிற பழங்குடிகள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். காற்று நன்றாயிருக்கும் என்று யாரோ சொல்ல, நானும் நண்பரும் போயிருந்தோம்.

கடை வாசலில் ஷாம்பு, ஊறுகாய், முகம் வெளுக்கும் கிரீம் என்று சிறு பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பள்ளிச் சீருடையில் ஒரு பெண் வந்தாள். பதின்மூன்று வயது இருக்கும். "அண்ணா, செவப்பாவுற கிரீம் ஒண்ணு குடுங்க" என்றாள். கடைக்காரர் சரத்திலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். அவள் அதைப் புத்தகப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு போய்விட்டாள்.

நண்பர் அவள் போன திசையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கறுப்பாக இருந்தாலும் களையான முகம், இல்லையா?"

தமிழ்நாட்டில் நிதமும் ஆயிரம் வாய்கள் சொல்லுகிற வாக்கியம் அது. பெண் பார்க்கப் போன இடத்தில் சொல்கிறோம். தொட்டிலில் கிடக்கிற குழந்தையைப் பார்த்துச் சொல்கிறோம். பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்கிறோம். ஆனால் அந்த 'இருந்தாலும்' என்ற சொல் என்ன வேலை செய்கிறது என்று யோசித்துப் பார்த்தீர்களா? ஒரு குற்றத்தை முதலில் பதிவு செய்துவிட்டு, பிறகு கருணை கூர்ந்து மன்னிக்கிறது. அந்தப் பெண்ணின் பைக்குள் போன பொட்டலத்தில் அடைத்திருப்பதும் அதே சொல்தான்.

நண்பரிடம் கேட்டேன்: "உங்கள் மெர்ல் ஓபரான் எந்த ஊர்க்காரி, தெரியுமா?"

"ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியா" என்றார் சட்டென்று.

அப்படித்தான் அந்த அம்மாளே உலகத்துக்குச் சொன்னாள். உண்மை வேறு. 1911-ல் பம்பாயில் பிறந்தவள். அவளை வளர்த்த சார்லட் என்ற மாது இலங்கையைச் சேர்ந்த கலப்பினத்தவள். சிறுமி கல்கத்தாவில் வளர்ந்தாள், பிறகு சீமைக்குப் போனாள், அங்கிருந்து ஹாலிவுட். 1935-ல் வந்த ஒரு படத்துக்காக ஆஸ்கார் பரிசுக்கு அவள் பெயர் முன்மொழியப்பட்டது. 1939-ல் 'வுதரிங் ஹைட்ஸ்' படத்தில் கதாநாயகி. எமிலி பிராண்டியின் அந்த நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும்: அதில் கறுத்த மேனி உள்ளவன் கதாநாயகன். படத்திலோ அவன் வேஷத்தில் வெள்ளைக்கார லாரன்ஸ் ஒலிவியர். வெள்ளைக்காரக் கதாநாயகியின் வேஷத்தில் பம்பாயில் பிறந்த பெண். இந்தக் கூத்து அன்றைக்குப் படம் பார்த்த எவருக்கும் தெரியாது.

தெரியாமல் இருப்பதற்காக அவள் கொடுத்த விலையைக் கேளுங்கள். தன்னோடு வசித்த சார்லட்டை, வீட்டுக்கு வருகிறவர்களிடம் வேலைக்காரி என்று சொல்லி வந்தாள் என்று அவள் சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1937-ல் அந்த மாது இறந்துபோனாள். பல வருஷம் கழித்துப் பழைய புகைப்படம் ஒன்றைக் கொடுத்து அவளை ஓவியமாகத் தீட்டச் சொன்னாளாம் மகள். மேனியின் நிறத்தை மட்டும் வெளுப்பாக்கச் சொன்னாளாம். செத்த பிறகும் அம்மா அம்மாவின் நிறத்தில் இருக்கக் கூடாது!

விளக்கின் கதை ஒன்றும் உண்டு. 1937-ல் லண்டனில் நடந்த கார் விபத்தில் அவள் முகத்தில் தழும்புகள் விழுந்தன. பிற்பாடு அவளை மணந்த ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட், காமிராவின் பக்கத்திலேயே பொருத்தி முகத்தின் நிழல்களையெல்லாம் அழித்துவிடுகிற விளக்கு ஒன்றை அமைத்தார். 'ஓபி' என்று அவள் பெயராலேயே அது வழங்குகிறது. தழும்பை மறைத்தது விளக்கு. தாயை மறைத்தது பொய். திரையில் நாம் வியந்தது இரண்டும் சேர்ந்த வெளிச்சத்தை.

நான் அந்தப் பெண்மணியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. 1923-ல் அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம், இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், ஆகையால் குடியுரிமைக்கு அருகதையற்றவர்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1930-ல் எழுதி 1934 முதல் கண்டிப்பாக அமல் செய்த தணிக்கை விதி, வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதைத் திரையில் காட்டவே கூடாது என்றது. இந்த இரண்டு சுவர்களுக்கு நடுவே நின்று உண்மை பேசியிருந்தால் அவள் என்ன ஆகியிருப்பாள்? ரீட்டா ஹேவொர்த்துக்கும் தப்ப முடியவில்லை. ஸ்பானியத் தகப்பனுக்குப் பிறந்த மார்கரிட்டா கான்சினோ அவள். கறுத்த கூந்தலுக்குச் சாயம் ஏற்றி, நெற்றி மயிரை மின்சாரத்தால் வேரோடு பொசுக்கி, நெற்றியை அகலமாக்கி, பேரையும் மாற்றிய பிறகுதான் அவள் அழகி ஆனாள். கவர்ச்சி, கவர்ச்சி என்று நாம் சொக்கிப்போகிறோமே, அதற்கு அடியில் கிடப்பது இத்தனை வலி.

இங்கே நண்பர் குறுக்கிட்டார். "கலை என்றாலே மாயைதானே! ஒப்பனை வேண்டாமென்றால் தெருக்கூத்துக்காரன் அரிதாரம் பூசக் கூடாதா?"

நல்ல கேள்வி. அரிதாரத்தின்மேல் எனக்குப் பகையில்லை. கூத்தில் திரௌபதி வேஷம் கட்டுகிறவனைப் பாருங்கள். அரிதாரம் அவனைத் திரௌபதியாக்குகிறது; விடிந்ததும் கழுவிவிட்டு அவன் தன் வீட்டுக்குப் போகிறான். ஹாலிவுட்டின் பூச்சு கழுவ முடியாத பூச்சு; வீட்டுக்குள்ளும் கலையக் கூடாத வேஷம். 1978-ல், சாவதற்கு முந்தின வருஷம், டாஸ்மேனியாவின் தலைநகரான ஹோபார்ட்டில் 'இந்த மண்ணின் மகள்' என்று அவளுக்கு வரவேற்பு நடந்தது. அறுபத்தேழாவது வயதிலும் ஊருக்கு முன்னால் அந்த வேஷத்தோடு நிற்க வேண்டியிருந்தது! இது கலையா, சிறைவாசமா?

மாயை என்றால் அது எல்லாத் திசையிலும் போக வேண்டும். அது ஒரே திசையில் போகிறதே, அதுதான் என் வழக்கு. 1937-ல் 'குட் எர்த்' படத்தில் சீனத்துக் குடியானவள் வேஷத்துக்கு, அமெரிக்காவிலேயே பிறந்த சீனப் பெண்ணான அன்னா மே வாங் தயாராக இருந்தாள். அவளை விட்டுவிட்டு லூயிஸ் ரெய்னருக்கு வேஷத்தைக் கொடுத்தார்கள், ஆஸ்காரும் கொடுத்தார்கள். கறுத்தவள் வெளுப்பாக வேண்டும். வெளுத்தவளுக்கோ எந்த நிறமும் சொந்தம்!

ஹாலிவுட்டைத் திட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 2021-ல் வந்த 'ஜெய் பீம்' படத்தில் இருளர் பெண் செங்கேணியாக நடித்தவர் கேரளத்தைச் சேர்ந்த லிஜோமோள் ஜோஸ். பழங்குடி மக்களோடு பழகிப் பயின்று, உள்ளம் உருக நடித்தார்; அவரைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. ஆனாலும் அவர் மேனியில் கறுப்பைப் பூசித்தான் அந்த வேஷத்தைக் கட்ட வேண்டியிருந்தது. கறுத்த பெண்ணுக்காகக் கண்ணீர் வடிக்கிற படத்தில்கூடக் கறுப்பு நிறம் டப்பாவிலிருந்துதான் வந்தது. சித்தேரிப் பெண் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் அவளுக்கு என்ன தோன்றும்?

வெளுப்பில்லாமல் கவர்ச்சி இல்லை என்பதும் பொய். டி.ஆர். ராஜகுமாரியை நினைத்துப் பாருங்கள். மாநிறம்தான். தஞ்சாவூர் இசைக் குடும்பத்தில் பிறந்தவர். 1944-ல் 'ஹரிதாஸ்', 1948-ல் 'சந்திரலேகா'. கனவுக்கன்னி என்று நாடே கொண்டாடியது. அவர் ஊரையும் உறவையும் ஒளிக்கவில்லை. தம்பி ராமண்ணாவோடு சேர்ந்து படம் எடுத்தார். சென்னைப் பாண்டி பஜாரில் தம் பெயராலேயே தியேட்டர் கட்டினார். அந்தக் கண்களின் வீச்சுக்கு எந்த டாஸ்மேனியாவும் தேவைப்படவில்லை.

அதற்கும் முன்னே போனால் நம் சங்கப் பாட்டு இருக்கிறது. தலைவியின் மேனிக்கு அங்கே மாமை என்று பேர். கருமை கலந்த மாந்தளிர் நிறம். பிரிவுத் துயரில் அந்த நிறம் போய் உடம்பு வெளிறினால் அதற்குப் பசலை என்று பேர். பசலை நோய், ஐயா, நோய்! கறுப்பு ஆரோக்கியம் என்றும் வெளுப்பு நோவு என்றும் பாடி வைத்த பாஷைக்காரர்கள் நாம். அந்தப் பாஷையைப் பேசிக்கொண்டே, 1975-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்று வந்த கிரீமை வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோம். 2020-ல் அதன் பெயர் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. கம்பெனி பெயரை மாற்றிவிட்டது. கடை வாசலில் நின்ற சிறுமிக்கு அந்த மாற்றம் இன்னும் போய்ச் சேரவில்லை. அவள் கேட்டது 'செவப்பாவுற கிரீம்'.

கம்பெனியைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விடலாமா? என் நாவல்களில் எத்தனை கதாநாயகிகளுக்குச் சந்தன நிறம் கொடுத்திருக்கிறேன்! எத்தனை பேருக்குச் செம்பருத்திக் கன்னம்! கறுத்தவள் ஒருத்தி வந்தால் அவள் வேலைக்காரியாக வருவாள், அல்லது கடைசியில் தியாகம் செய்வாள். மெர்ல் ஓபரான் தன் தாயை வேலைக்காரியாக்கியது ஒருமுறை. நான் புத்தகத்துக்குப் புத்தகம் செய்திருக்கிறேன். அவளுக்காவது சட்டம் பயமுறுத்தியது. என்னை யார் பயமுறுத்தினார்கள்? அந்தப் புத்தகங்களை ஆசையோடு வாங்கிப் படித்த நீங்களும் இந்தக் கணக்கில் கொஞ்சம் பங்கு எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மலையிலிருந்து இறங்கும்போது நண்பர் பேசவே இல்லை. ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். "'வுதரிங் ஹைட்ஸ்' மறுபடியும் பார்த்தேன். அழகிதான், சந்தேகமில்லை. ஆனால் படம் முழுக்க எனக்கு அந்த அம்மாவின் ஞாபகமாகவே இருந்தது. தட்டில் தேநீர் எடுத்துக்கொண்டு எந்தப் பக்கமாக வருவாளோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்" என்றார்.

ரசிப்பதை விட்டுவிடும்படி அவரிடம் நான் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லவில்லை. தாராளமாக ரசியுங்கள். அவளைப் பார்க்கிறபோது அவள் மறைத்த தாயையும் சேர்த்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். இன்னொன்று: அடுத்த தடவை ஒரு குழந்தையைப் பார்த்துக் களையான முகம் என்று சொல்லத் தோன்றினால், அதை மட்டும் சொல்லுங்கள். முன்னால் அந்த 'இருந்தாலும்' வேண்டாம். என் பேனாவிலிருந்தும் இனி அது வராது.