ஒற்றைப் பிரதி என்னும் பேதைமை

1981ஆம் ஆண்டு மே மாத இறுதியும் யூன் மாதத் தொடக்கமுமான நாட்களில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. எரித்தவர்தம் குற்றம் காலத்தால் குறையாதது. ஆயின், ஆண்டுதோறும் அந்நெருப்பை நினைந்து புலம்பும் தமிழ்ச் சமூகம் தன்னையே கேட்கவேண்டிய வினாவொன்று உண்டு. அழிந்தவற்றுள் பலவற்றுக்கு மறுபிரதி ஏன் எங்குமே இல்லாது போயிற்று?

மயில்வாகனப் புலவரின் 'யாழ்ப்பாண வைபவமாலை' இன்றும் வாசிக்கப்படுகின்றது. 19ஆம் நூற்றாண்டிலேயே அது அச்சேறிப் பல ஊர்களுக்கும் பரவிவிட்டமையால், ஒரு கட்டடத்துத் தீ அதனை அழிக்க இயலவில்லை. பெயர்த்தெழுதப்படாத ஏடுகளோ பெயரும் தெரியாது மறைந்தன. செல்லரித்த சுவடிகளைத் தேடி 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சிட்ட சி. வை. தாமோதரம்பிள்ளை உணர்ந்த உண்மை இதுவே. ஒன்று பலவாகி, பல இடங்களில் இருப்பதே காப்பு.

இவ்வுண்மையை அலட்சியம் செய்வதன் விளைவை மன்னாரில் காணலாம். மதவாச்சி வீதியிலுள்ள உயிலங்குளத்தையும் உள்ளடக்கிய மாதோட்டப் பெருநிலம் நாட்டுக்கூத்துக்குப் பேர்பெற்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்த என்றீக் எம்பரதோர், மூவிராசர், ஞானசௌந்தரி முதலிய நாடகங்கள் நூலாக நிலைத்தன. அச்சேறாதவை அண்ணாவிமாரின் கொப்பிகளிலேயே தங்கின. பின்னர் போர் வந்தது. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த காலத்தில் உயிலங்குளம் இரு தரப்பினரின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கிடையேயான நுழைவாயிலாக நின்றது. சுற்றுவட்டார மக்கள் பலமுறை இடம்பெயர்ந்தனர். உயிர்தப்பி ஓடுபவன் பிள்ளையைத் தூக்குவானா, கொப்பியைத் தேடுவானா? அவனைக் குறைகூறுதல் அறமாகாது. அமைதிக் காலத்தில் பெயர்த்தெழுத வசதியிருந்தும் வாளாவிருந்த கற்றோரே குற்றத்துக்குரியவர்.

கணினி வந்துவிட்டது, இனி அச்சமில்லை என்பார் உளர். இது பழைய பேதைமையின் புதிய வடிவமேயன்றி வேறில்லை. ஒரு கைத்தொலைபேசியில் மட்டும் இருக்கும் ஒலிப்பதிவும் ஒற்றைப் பிரதியே. பிறநாட்டு நிறுவனமொன்றின் களஞ்சியத்தில் மட்டும் இட்டு வைப்பதும் அத்தகையதே. இலட்சக்கணக்கானோர் எழுதிக் குவித்த ஜியோசிட்டீஸ் தளத்தை யாகூ நிறுவனம் 2009இல் மூடிற்று. பன்னிரண்டு ஆண்டுக்காலத்துப் பாடல்களை இழந்துவிட்டதாக மைஸ்பேஸ் நிறுவனம் 2019இல் ஒப்புக்கொண்டது. அங்கே நெருப்பும் இல்லை, பகையும் இல்லை; இழப்பு மட்டும் இருந்தது. மேலும், ஒன்றில் அழித்தால் மற்றொன்றிலும் தானாகவே அழியுமாறு பிணைக்கப்பட்ட இரு கோப்புகள் இரண்டல்ல, ஒன்றே.

வேண்டுவது எளிய ஒழுங்கு. மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், ஒரு பிரதியேனும் வேறு மாவட்டத்தில். ஆண்டுக்கொருமுறை அவற்றைத் திறந்து பார்த்தலும் இன்றியமையாதது. திறவாத வன்தட்டு பிரிக்காத ஏட்டுக்கட்டை ஒத்தது. உள்ளே செல் புகுந்ததை எவரும் அறியார். 2005ஆம் ஆண்டு முதல் நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை எண்ணிமமாக்கி வருகின்றது. ஆயினும் அப்பணியைச் சிலர் தலையில் சுமத்திவிட்டு ஏனையோர் ஓய்ந்திருத்தல் தகாது.

கொப்பியைக் கொடுத்தால் உரிமை போய்விடும் என அண்ணாவியார் அஞ்சுவது நியாயமே. ஆனால் காத்தல் வேறு, வெளியிடல் வேறு. அவர் இசையும்வரை வெளியிடாதிருக்கும் உறுதியோடும் பிரதி எடுக்கலாம். அவரது அச்சத்தை வளர்த்தவர் யார்? ஊருக்குச் சென்று பாடலைப் பதிந்து, ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற்றபின், பதிவின் ஒரு பிரதியைக்கூட அவ்வூருக்குத் திருப்பிக் கொடாத பல்கலைக்கழகத்தாரல்லவா? அவ்வாய்வேடும் துறையின் அலுமாரியில் மற்றொரு ஒற்றைப் பிரதியாகவே உறங்குகின்றது.

ஆகவே ஒவ்வொரு தமிழ்ச் சங்கமும் விழாச் செலவில் ஒரு பங்கை இப்பணிக்கு ஒதுக்கவேண்டும். கள ஆய்வுக்குச் செல்லும் மாணவன், ஊருக்கு ஒரு பிரதி சேர்ந்தமைக்குச் சான்று காட்டாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இயலாது என்ற விதி கலைப்பீடத்தில் எழவேண்டும். 1981இல் எரிந்தவற்றை மீட்க இயலாது. இன்று ஒரு கொப்பியாக எஞ்சியிருப்பதை நாளை இரண்டாக்குதல் இயலும். அதையும் செய்யாதவர்க்கு அந்நெருப்பை நினைந்து அழும் உரிமை இல்லை.